தொழிலும் புனைவும்: ஒசூர் எல்லைப்புலமும் தமிழ் அறிவியற் புனைகதையாளர் வாழ்வும்

இலக்கியத்தை ஆராயப் புகுவார் அதனை ஆக்கியோனுடைய ஊர், குடி, தொழில் ஆகியவற்றை அறிய விழைதல் இயல்பே. சங்கச் செய்யுட்களின் கீழ் நிற்கும் புலவர் பெயர்கள் இவ்விழைவிற்கு ஓரளவு இடம் தருகின்றன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், தங்கால் பொற்கொல்லனார், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்றாங்குத் தொழிலே பெயரின் பகுதியாகி நிற்கக் காண்கிறோம். இற்றைக் காலச் சிற்றிதழ்களிற் கதையின் அடியிலோ இதழின் இறுதிப் பக்கத்திலோ இடம்பெறும் ஆசிரியர் குறிப்பும் இதே பணியைச் செய்கிறது. இன்னார், இன்ன ஊரினர், இன்ன துறையிற் பணிபுரிகிறார் என்ற ஒற்றை வரியே பல எழுத்தாளரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முழு வரலாறு.

இவ்வரியை வைத்துக்கொண்டு ஆய்வாளர் என் செய்தல் வேண்டும் என்பதே ஈண்டு எழும் வினா. அறிவியற் புனைகதையைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. ஏனைய கதைகளில் ஆசிரியர் தொழில் என்ன என்பதை வாசகர் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அறிவியற் புனைகதை என்றவுடன், 'இவர் பொறியாளரோ, மருத்துவரோ, வானியல் பயின்றவரோ' என்னும் கேள்வி முன்வந்து நிற்கிறது. பொறியாளர் எழுதின் நம்பிக்கை மிகுகிறது. எழுத்தர் எழுதின் ஐயம் பிறக்கிறது. பட்ட ஆய்வேடுகள் சிலவற்றில் இவ்வையமும் நம்பிக்கையுமே திறனாய்வாக நின்றுவிடுகின்றன. இவ்வழக்கம் பொருந்துமா என்பதனைத் தமிழகத்தின் வடமேற்கு எல்லையாகிய ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதியை நடுவாகக் கொண்டு ஆராய்வோம்.

மருத்துவன் தாமோதரனாரை முதற்கண் நோக்குவோம். புறநானூற்றின் 170ஆம் செய்யுளில் அவர் பிட்டங்கொற்றனின் வலிமையைப் பாடுகின்றார். மருத்துவராதலின் நோயையும் மருந்தையும் உவமையாக்குவார் என்று எதிர்பார்ப்போமாயின் ஏமாற்றமே எஞ்சும். அவர் காட்டுவது கொல்லன் உலைக்களம். கூடத்தின் அடியைத் தாங்கி நிற்கும் உலைக்கல். 60ஆம் செய்யுளிலோ உப்பு வண்டி பள்ளத்தில் அழுந்துமிடத்து அதனை இழுத்துச் செல்லும் வலிய எருதே உவமை. பெயரிற் காணும் தொழில் ஒன்று. பாட்டில் வாழும் தொழில்கள் வேறு. இதனால் மருத்துவத் தொழில் அவர்க்கு ஒன்றுமே தரவில்லை என்று கூற நாம் முற்படவில்லை. பிறர் உழைப்பை உற்று நோக்கும் கண்ணை அது தந்திருத்தல் கூடும். ஆயின் அது மருந்துப் பெயர்களை எண்ணி அறியத்தக்க செய்தி அன்று. தொழில் தரும் அறிவு வேறு, தொழில் தரும் பழக்கம் வேறு என்னும் இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

ஒசூர்ப் பகுதி இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாதற்குக் காரணங்கள் உள. பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் ஊர் இது. பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1965இல் தருமபுரி மாவட்டத்தொடு பிரிந்து, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின்கண் அமைந்தது. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் ஊரின் தோற்றமே மாறிற்று. அசோக் லேலண்டின் சரக்குந்துகளும், டி.வி.எஸ். நிறுவனத்தின் இருசக்கர ஊர்திகளும், 1984இல் தொடங்கப்பெற்ற டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரங்களும் இங்கு உருவாயின. அண்மைக் காலத்தே போச்சம்பள்ளியில் மின்னூர்தியும் ஒசூரை அடுத்துக் கைப்பேசி உறுப்புகளும் செய்யப்படுகின்றன. அறிவியலின் பயன் இவ்வளவு செறிந்த நிலம் தமிழகத்திற் சிலவே. ஆகவே அறிவியற் புனைகதைக்கு இதுவே விளைநிலமாதல் வேண்டும் என்று கருதுவார் கருதலாம்.

உண்மை நிலை அவ்வாறில்லை. இங்கு முதலில் விளைந்தது கதையன்று, கலைச்சொல். ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசகோபாலாச்சாரியார் சேலத்தில் வழக்குரைஞராக இருந்தபோது, 1916இல் தமிழ் அறிவியற் சொற்களை ஆக்குதற்கெனச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தோருள் ஒருவர். அதன் சார்பில் இதழ் ஒன்றும் வெளிவந்தது. இதன்கண் கருதத்தக்க செய்தி யாதெனின், வேதியியற் சொல்லுக்குத் தமிழ் தேடியவர் வேதியியலார் அல்லர், நீதிமன்றத்தில் வாதிட்டவர் என்பதே. பின்னாளில் அவர் 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலை எழுதினார். அதே காலத்தில் அறிவியற் கட்டுரைகளைத் தமிழில் எழுதத் தொடங்கி நெடுநாள் எழுதிய பெ. நா. அப்புசுவாமியும் வழக்குரைஞரே. எதிர்த்தரப்பினர்க்கும் நடுவர்க்கும் ஒருங்கே விளங்குமாறு ஒன்றை எடுத்துரைக்கும் பழக்கம் இவ்விருவர்க்கும் அறிவியல் எழுத்தில் உதவிற்று என்று கொள்வதிற் பிழையில்லை. இங்கும் உதவியது தொழிலின் பழக்கமே. சட்ட அறிவு அன்று.

இனிப் புனைகதைக்கு வருவோம். தமிழ் அறிவியற் புனைகதை என்றவுடன் நினைவிற்கு வரும் பெயர் சுஜாதா (1935–2008). இயற்பெயர் எஸ். ரங்கராஜன். இயற்பியலும் மின்னணுவியலும் பயின்று, வான்போக்குவரத்துத் துறையிற் பணிசெய்து, பின்னர்ப் பெங்களூர்ப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் நெடுநாள் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப் பொறியின் உருவாக்கத்திற் பங்கு கொண்டவர். ஆசிரியர் குறிப்பையும் படைப்பையும் நேர்க்கோட்டில் இணைக்க விரும்புவார்க்கு இவரினும் வாய்ப்பான சான்று கிடைத்தல் அரிது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் தேர்தலே அற்ற நாடு ஒன்றை, மக்கள் கண்காணிப்பிற்கு உட்பட்ட ஓர் ஆட்சியை, ஆள்வோன் உருவே மாயத்தோற்றமாக அமைந்த ஒரு சூழ்ச்சியைக் காட்டுகிறார். வாக்குப் பொறி செய்தவர் வாக்கற்ற நாட்டைக் கற்பித்தார் என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகுபெறும். ஆயினும் இவ்வழகு ஐயத்திற்குரியது.

அக்கதையை ஊன்றிப் படிப்பார்க்கு அதனை இயக்குவது எந்திர நுட்பமன்று என்பது புலனாகும். நிலா என்னும் பெண்ணும் அவள் கணவன் சிபியும் பிள்ளை பெறுதற்கு அரசின் இசைவை எதிர்நோக்கியிருக்கின்றனர். இசைவு வருகிறது, பதிவு, எண், அலுவலகம், பின்னர் ஆளைக் காணோம். எந்திர நாயாகிய ஜீனோ வாசகரை மகிழ்விக்கிறது. அச்சத்தை உண்டாக்குவதோ படிவமும் எண்ணுமே. அரசுத் துறையிலும் அரசு நிறுவனத்திலும் வாழ்நாளைக் கழித்த ஒருவர் நன்கறிந்த பொருள் இதுவன்றோ? மின்னணுவியல் பயின்றவர் தமிழகத்திற் பலர். அலுவலகம் என்பது மனிதனை எவ்வாறு ஓர் எண்ணாக மாற்றும் என்பதைக் கதையாக்கியவர் சிலரே. அவருடைய பட்டத்தினும் அவர் அமர்ந்த மேசையே இக்கதைக்குப் பெரிதும் உதவிற்று என்பது நம் கருத்து.

சுஜாதா சிற்றிதழோடு தொடர்பற்றவரல்லர். 1965இல் தொடங்கிய கணையாழியில், ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்னும் பெயரில் அவர் எழுதிய கடைசிப் பக்கம் பலராலும் விரும்பிப் படிக்கப்பட்டது. ஆனால் அங்கு அவர் எழுதியவை பெரும்பாலும் குறிப்புகளும் விமரிசனங்களுமே; எந்திர நாய்க்கு இடம் வார இதழில்தான் கிடைத்தது. இது ஒருவரது விருப்பம் மட்டுமன்று. 1959இல் 'எழுத்து' தோன்றியது முதல் நம் சிற்றிதழ்கள் புதுக்கவிதைக்கும் நடப்பியற் சிறுகதைக்கும் இடமளித்த அளவிற்கு அறிவியற் புனைகதைக்கு அளிக்கவில்லை. அதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கின. இம்மனப்பான்மையாற் சிற்றிதழ்களே இழப்புற்றன என்று துணிந்து கூறலாம்.

மேலைநாட்டில் நிலைமை வேறு. அங்கு இவ்வகைக் கதைக்கென்றே மலிவுத் தாள் இதழ்கள் பல இருந்தன. அவற்றினும் சிறியனவாக, சிலரே கூடி நடத்திய இதழ்களும் இருந்தன. அத்தகைய சிற்றிதழ் ஒன்றில் 1950இல் கார்ட்வெய்னர் ஸ்மித் என்னும் பெயரில் ஒரு கதை வெளிவந்தது. விண்வெளியின் வேதனையைத் தாங்குதற்காகத் தம் புலன்களை அறுத்துக்கொண்ட மனிதரைப் பற்றியது அது. எழுதியவர் விண்ணியலாரும் அல்லர், பொறியாளரும் அல்லர். பால் லைன்பார்கர் என்னும் பேராசிரியர்; ஆசிய அரசியல் கற்பித்தவர்; உளவியற் போர்முறை பற்றி 1948இல் நூல் எழுதியவர்; இளமையிற் சீனத்தில் வளர்ந்தவர். வங்காளத்தில் அத்ரிஷ் பர்தன் 1963இல் 'ஆஸ்சர்ய' என்னும் அறிவியற் புனைகதை இதழைத் தொடங்கியபோது, ஆகாஷ் சென் என்ற புனைபெயரைச் சூடிக்கொண்டார். சத்தியஜித் ராயும் பிரேமேந்திர மித்திரரும் அவ்விதழுக்குத் துணைநின்றனர். திரைப்பட இயக்குநர், கவிஞர், துப்பறியும் கதையாசிரியர் என இவர்தம் வாழ்க்கை ஒன்றோடொன்று ஒட்டாதவை.

இவற்றினும் நமக்குப் பாடமாவது ஜேம்ஸ் டிப்ட்ரீ என்னும் பெயருக்கு நேர்ந்தது. 1968 முதல் அப்பெயரில் அறிவியற் புனைகதைகள் வந்தன. அரசின் உளவுத் துறையையும் வேட்டையையும் அறிந்த ஆண்மகன் என்று வாசகர் அவரை உருவகித்தனர். ராபர்ட் சில்வர்பர்க் என்னும் எழுத்தாளர், இவ்வெழுத்தில் ஆண்மை அடிப்படையாகவே அமைந்திருத்தலின் இதனை எழுதியவர் பெண்ணாக இருத்தல் இயலாது என்று 1975இல் எழுதினார். ஓரிரண்டு ஆண்டுகளில் உண்மை வெளிப்பட்டது. எழுதியவர் ஆலிஸ் ஷெல்டன் என்னும் மூதாட்டி, ஓவியர், போர்க்காலத்தில் வான்படைப் புலனாய்விற் பணியாற்றியவர், கோழிப்பண்ணை நடத்தியவர், பின்னர் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். உளவுத் துறைத் தொடர்பை ஊகித்தோர் வென்றனர். ஆண் என்று ஊகித்தோர் தோற்றனர். ஒரே வகையான ஊகம் ஓரிடத்துச் சரியாகவும் பிறிதோரிடத்துப் பிழையாகவும் முடியுமாயின், அதனை ஆய்வு நெறி என்று கொள்வது எங்ஙனம்?

மீண்டும் நம் எல்லைப்புலத்திற்கு வருவோம். தொலைபேசித் துறை இப்பகுதியின் இலக்கியத்திற்கு இரு எழுத்தாளரைத் தந்துள்ளது. ஒருவர் ஜெயமோகன். காசர்கோட்டிலும், பின்னர்ப் பல்லாண்டுகள் தருமபுரிப் பகுதியிலும் அத்துறையிற் பணிபுரிந்தவர். 1987இல் கணையாழியில் வெளியான 'நதி' வழியே சிற்றிதழ் உலகில் அறிமுகமானவர். அவருடைய அறிவியற் புனைகதைகள் 'திண்ணை' என்னும் இணைய இதழில் வெளிவந்து, 'விசும்பு' என்ற தொகுப்பாயின. இத்தொகுப்பில் தொலைபேசித் துறை எங்கே உளது என்று தேடினால் வெறுங்கையோடு திரும்புவோம். 'ஐந்தாவது மருந்து' சித்த மருத்துவத்தின் ஏட்டு மரபை எய்ட்ஸ் நோயோடு பொருத்திப் பார்க்கிறது. 'பித்தம்' இரசவாதத்தைப் பற்றியது. மேலை அறிவியலின் எல்லையில் நம் பழைய அறிவுத் துறைகளை நிறுத்தி வினவுவதே இக்கதைகளின் நோக்கம். ஆசிரியரின் நூற்பயிற்சியிலிருந்து பிறந்தவை இவை; அவர்தம் பணிப் பதிவேட்டிலிருந்து அல்ல. கதைகளிற் சில, வியப்பைக் காட்டிலும் விளக்கத்தையே மிகுதியாகத் தருகின்றன என்பது நம் குறை. ஆயினும் தமிழ் அறிவியற் புனைகதையை எந்திரத்தினின்று பிரித்து, அறிவு என்பது யாது என்னும் வினாவோடு இணைத்த பெருமை இத்தொகுப்பிற்கு உண்டு.

மற்றொருவர் ஆதவன் தீட்சண்யா. ஒசூரில் வாழ்பவர், தொலைபேசித் துறை ஊழியராக இருந்தவர், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்திற் பொறுப்பு வகித்தவர். அவரை ஆசிரியராகக் கொண்டு ஒசூரிலிருந்து வெளிவந்த 'புதுவிசை' என்னும் காலாண்டிதழே இப்பகுதியின் சிற்றிதழ் வரலாற்றில் நாம் முதலிற் குறிப்பிட வேண்டுவது. இவருடைய கதைகளை அறிவியற் புனைகதை என்று எவரும் வகைப்படுத்துவதில்லை. ஆனால் லிபரல்பாளையம் என்னும் கற்பனை நிலத்தை அமைத்து, நடப்பு அரசியலை அதன் இறுதி எல்லைவரை நீட்டிக் காட்டும் முறை, அறிவியற் புனைகதையின் முதன்மை உத்திகளுள் ஒன்றே. 'இவ்வாறே சென்றால் எங்குச் சென்று முடியும்' என்பது அதன் அடிப்படை வினா. அரசுத் துறையாக இருந்த தொலைபேசி 2000ஆம் ஆண்டு அக்டோபரில் நிறுவனமாக மாற்றப்பட்டதை உள்ளிருந்து கண்ட தலைமுறையினர் இவர். தாராளமயம் என்னும் சொல் பிறர்க்குச் செய்தித்தாளின் தலைப்பு. இவர்க்கு அது நாள்தோறும் செல்லும் அலுவலகத்தின் பெயர்ப்பலகை. லிபரல்பாளையத்தின் நகைப்பில் உள்ள கசப்பு இங்கிருந்து வந்ததாகலாம். ஒரே துறையிற் பணிசெய்த இருவருள் ஒருவர் எழுத்தில் அத்துறை மறைந்துபோக, மற்றவர் எழுத்தில் அதன் காற்று வீசுகிறது. துறையின் பெயரை மட்டும் அறிந்த ஆய்வாளர் இவ்வேற்றுமையை எங்ஙனம் விளக்குவார்?

இவரே 2014இல் வெளியிட்ட 'மீசை என்பது வெறும் மயிர்' என்னும் நாவல் நம் பொருளுக்கு மேலும் நெருங்கியது. நந்தஜோதி பீம்தாஸ் என்னும் எழுத்தாளர் ஒருவரைக் கற்பித்து, அவர் வாழ்க்கையையும் நேர்காணலையும் எழுத்தையும் படைத்து, அவரைத் தாம் அறிமுகம் செய்வதுபோல் நாவலை அமைத்துள்ளார். ஆசிரியர் குறிப்பு என்னும் அந்த ஒற்றை வரியே இங்குப் புனைவாகிவிட்டது. வாழ்க்கைக் குறிப்பைச் சான்றாகக் கொண்டு படைப்பை அளப்பார்க்கு இதனினும் கடுமையான மறுப்புரை வேண்டியதில்லை.

பா. வெங்கடேசன் மதுரையிற் பிறந்து ஒசூரில் வாழ்பவர். 2008இல் வெளிவந்த அவருடைய 'தாண்டவராயன் கதை', பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மனைவியின் கண்ணோய்க்குத் தீர்வு தேடி இந்தியாவிற்கு வரும் ஆங்கிலேயன் ஒருவனைப் பின்தொடர்கிறது. கதைக்குள் கதை கிளைத்துச் செல்லும் இப்பெருநாவலைத் தொழிற்பேட்டையின் எழுத்து என்று எவரும் கூறார். எனினும் நிலத்தை வைத்துக் கருப்பொருளை ஊகிக்கும் நம் பழக்கத்தை அது அசைக்கிறது. ஆலைகள் சூழ்ந்த ஊரிலிருந்து வந்த எழுத்து ஆலையைப் பாடுவதில்லை. இரு நூற்றாண்டுகளுக்கு முந்தைய வழிப்பயணத்தைப் பாடுகிறது. திணை மயக்கம் என்று நம் இலக்கண நூலார் கூறியது நிலத்திற்கும் ஒழுக்கத்திற்கும் இடையே மட்டும் நிகழ்வதன்று போலும்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். எழுதியோர் அனைவரும் மேசைப் பணியினர். பொறியின் முன் நின்று உழைப்போர் எழுதவில்லை. ஆதலின் ஆலையைப் பற்றிய அறிவியற் புனைகதை தோன்றவில்லை என்பது அத்தடை. இதில் உண்மை உளது. முறைப்பணியில் இரவு முழுதும் நின்றவர்க்குப் பகலில் உறக்கமே வேண்டும். தாளும் எழுதுகோலும் அல்ல. சிற்றிதழ் நடத்துவோரும் படிப்போரும் பெரும்பாலும் ஆசிரியர், வங்கிப் பணியாளர், அஞ்சல் தொலைபேசித் துறையினர் என அமைந்தமைக்கு ஓய்வு நேரமும் நிலையான ஊதியமும் காரணமாயின. தொலைவிலிருந்து ஒப்பந்தப் பணிக்கு வந்து விடுதியில் தங்கும் இளம்பெண்ணுக்கு அவ்விரண்டும் இல. ஆயினும் இத்தடை, பொறியின் முன் நிற்பவர் எழுதினால் அது பொறியைப் பற்றியே இருக்கும் என்று கொள்கிறது. அதுவே நாம் மறுக்கும் கருத்து. கைக்கடிகாரத்தின் நுண்ணிய சக்கரங்களைப் பொருத்தும் ஒருவர் காலத்தைப் பற்றிக் கதை எழுதுவார் என்று நாம் விரும்புகிறோம். அவரோ தம் ஊர் ஏரியைப் பற்றி எழுதலாம். அவ்வேரிக் கதையில் அவருடைய விரல்களின் பொறுமை இருக்கக் கூடும். அதனைக் காண்பதற்குக் கதையைத்தான் படித்தல் வேண்டும்.

முதுகலை மாணவர்க்குச் செய்யத்தக்க பணி ஒன்று இங்கு உளது. புதுவிசையின் பழைய இதழ்களையும், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் தோன்றி மறைந்த சிற்றிதழ்களையும் தேடித் தொகுத்து, அவற்றின் ஆசிரியர் குறிப்புகளைத் தனியே எடுத்தெழுதுதல் நன்று. ஆனால் அவற்றைக் கதைகளைப் படித்து முடித்தபின்னரே எடுத்து நோக்குக. முன்னரே நோக்கின், உறையூர் மருத்துவன் பாட்டில் மருந்தைத் தேடிக்கொண்டிருப்போம். உலைக்கல்லின்மேல் விழும் கூடத்தின் ஓசை நம் செவிக்கு எட்டாது.